வரி நோட்டீஸ் வந்தால் பீரோவில் வைக்காதீங்க!



2025 செப்டம்பர் 8ஆம் தேதி நம் மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு அக்கா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ரவிக்கைக்குள்ளிருந்து எட்டாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். "மேடம், இதைக் கொஞ்சம் பாருங்க. எங்க வீட்டுக்காரருக்குக்கூட தெரியாது. என்னை ஸ்டேஷனுக்கு கூப்பிடுவாங்களா?" என்று கேட்டார். கை நடுங்கியது.

அது ஜி.எஸ்.டி. நோட்டீஸ். ரிட்டர்ன் போடவில்லை, 15 நாளுக்குள் போடவும் என்று எழுதியிருந்தது. தேதி ஆகஸ்ட் 28. பத்து நாளுக்கு மேல் அந்தத் தாள் அவர் பீரோவில் சேலைக்கு அடியில் இருந்திருக்கிறது. மீதி இருந்தது நான்கே நாள்.

இதை எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "பேரு போடாம எழுதுங்க மேடம், நம்மளை மாதிரி நாலு பேருக்கு உதவும்" என்றார். அதனால் இந்தக் கட்டுரையில் அவர் வெறும் அக்காதான்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். நம் குழு ஒன்றில் பத்துப் பேர் சேர்ந்து தையல் யூனிட் நடத்துகிறார்கள். ஈரோட்டில் துணி எடுத்து நைட்டி, உள்பாவாடை தைக்கிறார்கள். உள்ளூரில் விற்றவரை எந்தப் பதிவும் தேவைப்படவில்லை. பெங்களூரில் ஒரு மொத்த வியாபாரி சரக்கு கேட்டார். வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்க வேண்டுமென்றால், விற்பனை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு எடுத்தாக வேண்டும். சரி, எடுத்தார்கள். யார் பெயரில்? குழுவுக்கு பான் கார்டு இல்லை. அக்காவிடம் இருந்தது. "அக்கா பேருலயே போட்டுடலாம்" என்று முடிவானது. அந்த முடிவு எந்த நோட்டிலும் எழுதப்படவில்லை. இதைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன், ஏனென்றால் உண்மையான பிரச்சினை அங்கேதான் இருந்தது.

பதிவு எடுத்துக் கொடுத்தவர் டவுனில் கணக்கு எழுதுபவர். ஆடிட்டர் என்று நம்மவர்கள் சொல்வார்கள், ஆனால் ஆடிட்டர் இல்லை. காலாண்டுக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு ரிட்டர்ன் போட்டுவந்தார். 2025 பொங்கலுக்குப் பிறகு ஆர்டர் நின்றுபோனது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதமும் ஒரு பில்கூட போடவில்லை. "விக்கவே இல்லையே, அப்புறம் எதுக்கு அவருக்குக் காசு?" என்று நிறுத்திவிட்டார்கள். அவரும் ரிட்டர்ன் போடவில்லை. அவர்மேல் மட்டும் பழி போட எனக்கு மனமில்லை. கூலி கொடுக்காமல் யார் வேலை செய்வார்கள்? ஆனால் "விற்பனை இல்லை என்றாலும் ரிட்டர்ன் உண்டு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அந்த ஒரு வார்த்தையை நானும் சொல்லவில்லை. பதிவு எடுப்பது பற்றி நடந்த பயிற்சியில் நானும் மேடையில் உட்கார்ந்திருந்தேன். பதிவு எடுத்தால் பெரிய ஆர்டர் வரும் என்று சொன்னோம். எடுத்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல நேரம் இல்லாமல் சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டோம். அன்று விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

சும்மா இருந்தாலும் ரிட்டர்ன் உண்டு

பால் சொசைட்டியில் பால் ஊற்றினால்தான் அட்டையில் பதிவார்கள். ஊற்றாத நாளில் ஒன்றும் இல்லை. ஜி.எஸ்.டி. அப்படி இல்லை. அது நம் குழுக் கூட்டத்தின் வருகைப் பதிவேடு மாதிரி. அன்று சேமிப்பு கட்டினாலும் கட்டாவிட்டாலும் வந்தேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். பதிவு எண் உயிரோடு இருக்கிறவரை, ஒவ்வொரு காலத்துக்கும் "இவ்வளவு விற்றேன்" அல்லது "ஒன்றும் விற்கவில்லை" என்று சொல்லியாக வேண்டும். ஒன்றும் விற்கவில்லை என்று சொல்வதற்குப் பெயர் நில் ரிட்டர்ன்.

வருடத்துக்கு 5 கோடி வரை விற்பனை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் வசதி 2021 ஜனவரியிலிருந்து இருக்கிறது. நம் குழுக்களில் பதிவு வைத்திருப்பவர்களுக்கு இதுதான் பொருத்தம். இதில் இரண்டு தாள். விற்ற பில்களின் விவரம் ஒன்று, அதற்கு ஜி.எஸ்.டி.ஆர் 1 என்று பெயர். காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13ஆம் தேதிக்குள் போட வேண்டும். வரிக் கணக்கு இன்னொன்று, அது 3பி. தமிழ்நாட்டுக்கு அதன் கடைசித் தேதி அடுத்த மாதம் 22. காலாண்டின் முதல் இரண்டு மாதத்தில் கட்ட வேண்டிய வரி இருந்தால், அதை அந்தந்த மாதம் முடிந்து 25ஆம் தேதிக்குள் சலான் போட்டுக் கட்டிவிட வேண்டும்.

ஊறுகாய், பலகாரம் என்று உள்ளூரில் மட்டும் விற்கிற சிலர் காம்போசிஷன் என்ற எளிய திட்டத்தில் இருக்கிறீர்கள். தயாரிப்பவருக்கும் கடைக்காரருக்கும் விற்பனையில் 1 சதவீதம் வரி. உங்களுக்கும் சும்மா இருக்க அனுமதி இல்லை. காலாண்டுக் கணக்கு 18ஆம் தேதிக்குள், வருடக் கணக்கு ஜூன் 30க்குள். இந்தத் திட்டத்தில் இருந்துகொண்டு வெளி மாநிலத்துக்குச் சரக்கு அனுப்பக் கூடாது, அதையும் ஞாபகம் வையுங்கள்.

பதிவே எடுக்காத குழுக்கள் இதைப் படித்துவிட்டுப் பதற வேண்டாம். தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு வருட விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான் பொதுவாகப் பதிவு கட்டாயம். சமையல் கான்ட்ராக்ட், தையல் கூலி போன்ற சேவை என்றால் 20 லட்சம். நம் சேமிப்புக்கும் உள்கடன் வட்டிக்கும் ஜி.எஸ்.டி. கிடையாது.

நோட்டீஸ் என்ன சொல்கிறது?

ரிட்டர்ன் போடாதவர்களுக்கு வருகிற நோட்டீசின் பெயர் ஜி.எஸ்.டி.ஆர் 3ஏ. ரிட்டர்ன் பெயர் 3பி. கேட்க ஒரே மாதிரி இருப்பதால் எனக்கே முதலில் குழம்பியது. 3ஏ அவர்கள் அனுப்புவது, 3பி நாம் போட வேண்டியது. அவ்வளவுதான்.

பெரும்பாலும் இது கம்ப்யூட்டரே தயாரித்து அனுப்புவது. யாரோ ஒரு அதிகாரி உங்கள் யூனிட்டைக் குறிவைத்து உட்கார்ந்து எழுதியது இல்லை. போலீஸ் வராது. திருட்டுக் கேஸும் இல்லை. தாளை நிதானமாகப் படித்தால் அதில் நான்கு விஷயம்தான் இருக்கிறது. 33 என்று தொடங்கும் உங்கள் 15 இலக்கப் பதிவு எண். எந்தக் காலத்துக்கு, எந்த ரிட்டர்ன் போடவில்லை என்ற விவரம். 15 நாள் கெடு. போடாவிட்டால் கையில் இருக்கிற தகவலை வைத்து அதிகாரியே வரியைக் கணக்கிடுவார் என்ற எச்சரிக்கை.

அதே நோட்டீசில் கீழே இன்னொரு வரியும் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. மதிப்பீட்டு உத்தரவு போடுவதற்கு முன் ரிட்டர்னைப் போட்டுவிட்டால் இந்த நோட்டீஸ் தானாகவே திரும்பப் பெறப்பட்டதாகக் கொள்ளப்படும் என்று இருக்கும். அக்காவுக்கு இதைத் தமிழில் படித்துச் சொன்னேன். "அப்படியா எழுதியிருக்கு? இன்னொரு தடவை படிங்க மேடம்" என்றார். இரண்டாவது முறை படித்த பிறகுதான் டீயைக் குடித்தார்.

எனவே 3ஏ நோட்டீசுக்கு மனு எழுத வேண்டாம். "ஐயா, நாங்கள் ஏழைப் பெண்கள், மன்னிக்கவும்" என்று கடிதம் எழுதி ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டாம். யாரையும் "பார்த்துச் சரிபண்ண" வேண்டாம். பாக்கி ரிட்டர்னைப் போடுவதுதான் பதில்.

ஆனால் நோட்டீஸ் நிஜம்தானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். போலி நோட்டீஸ் அனுப்பிப் பணம் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் உங்கள் பதிவுக்குள் நுழைந்தால், வந்த நோட்டீஸ்கள் எல்லாம் அங்கே இருக்கும். தாளில் உள்ள குறிப்பு எண்ணை அதே தளத்தில் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. யாராவது போன் செய்து "ஓ.டி.பி. சொல்லுங்கம்மா" என்றாலோ, "இந்த நம்பருக்கு ஜிபே பண்ணுங்க, கேஸை முடிச்சிடறேன்" என்றாலோ போனை வைத்துவிடுங்கள். வரியும் தாமதக் கட்டணமும் இணையதளத்தில் எடுக்கும் சலான் மூலம் அரசுக் கணக்குக்குத்தான் போகும். தனி ஆள் கணக்குக்குப் போகவே போகாது. சந்தேகம் வந்தால் ஜி.எஸ்.டி. உதவி எண் 1800 103 4786. இது கட்டணமில்லா எண்.

நாங்கள் செய்தது

செப்டம்பர் 9ஆம் தேதி காலை அக்காவும் நானும், யூனிட் கணக்கு எழுதும் ஒரு தங்கச்சியும் பில் புத்தகத்தோடு டவுனுக்குப் போனோம். முதல் சிக்கல் பாஸ்வேர்டு. பதிவு எடுத்தபோது கொடுத்த இமெயில் அந்தக் கணக்காளருடையது. எல்லா நோட்டீசும் அவர் மெயிலுக்கே போயிருக்கிறது. அதில் ஒன்றைத்தான் கடைப் பையன் அச்செடுத்து அக்காவிடம் கொடுத்திருக்கிறான். அவருக்குத் தர வேண்டிய பழைய பாக்கியைக் கொடுத்தோம், பாஸ்வேர்டைக் கொடுத்தார். சண்டை ஒன்றும் இல்லை. அன்றே இமெயிலையும் மொபைல் எண்ணையும் அக்காவுடையதாக மாற்றினோம்.

எல்லா இடத்திலும் இப்படிச் சுமுகமாக முடியாது. பாஸ்வேர்டு தர மறுத்தாலோ, ஆளே கடையை மூடிவிட்டுப் போய்விட்டாலோ, உங்கள் பதிவு எந்த வரி அலுவலகத்தின் கீழ் வருகிறதோ அங்கே போக வேண்டும். அது மாநில வணிகவரி அலுவலகமாக இருக்கலாம், மத்திய ஜி.எஸ்.டி. அலுவலகமாகவும் இருக்கலாம். பதிவு விவரத்தைப் பார்த்தால் தெரியும். அடையாளச் சான்றும் தொழில் சான்றும் காட்டினால், அந்த அதிகாரி புது இமெயில், புது மொபைல் எண் பதிந்து தற்காலிகப் பாஸ்வேர்டு வரச் செய்வார். வீட்டுப் பத்திரத்தை யார் கையிலாவது கொடுத்துவிட்டு சும்மா இருப்போமா? பாஸ்வேர்டும் அப்படித்தான். ரிட்டர்ன் போட ஆள் வைப்பது தப்பில்லை. ஓ.டி.பி. வருகிற போன் நம் கையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல் வரிசை. ஜனவரி–மார்ச் ரிட்டர்ன் போடாமல் ஏப்ரல்–ஜூன் ரிட்டர்னைப் போட இணையதளம் விடாது. பழைய பாக்கியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதிலும் ஜி.எஸ்.டி.ஆர் 1 முதலில், 3பி பிறகு.

ஜனவரி–மார்ச் நில். சும்மா "இல்லை" என்று சொல்லத் தவறியதற்கு தாமதக் கட்டணம் நாளுக்கு 20 ரூபாய். நல்லவேளை, இதற்கு 500 ரூபாய் உச்சவரம்பு இருக்கிறது. 25 நாளில் அது நிரம்பிவிடும். ஏப்ரல் 22லிருந்து செப்டம்பர் வரை நாள் எவ்வளவோ ஆகியும் 500தான்.

ஏப்ரல்–ஜூன் காலாண்டில் ஜூன் மாதம் மட்டும் பெங்களூருக்கு 1,80,000 ரூபாய்க்குச் சரக்கு போயிருந்தது. 5 சதவீதம் வரி 9,000 ரூபாய். ஈரோட்டில் துணி வாங்கியபோது நாம் ஏற்கெனவே கட்டிய வரி 5,500. அந்தத் துணி பில்களைத் தங்கச்சி ஒன்றுவிடாமல் ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தாள். அவளுக்கு என் சார்பில் ஒரு சபாஷ். 9,000த்தில் 5,500 கழித்தால் கட்ட வேண்டியது 3,500. தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய். ஜூலை 22லிருந்து செப்டம்பர் 10 வரை 50 நாள், கணக்குப்படி 2,500. ஆனால் வருட விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருப்பவருக்கு ஒரு ரிட்டர்னுக்கு உச்சவரம்பு 2,000. ஆகவே 2,000. வட்டி வருடத்துக்கு 18 சதவீதம், 3,500 ரூபாய்க்கு 50 நாளுக்கு 86 ரூபாய்.

மொத்தம் 6,086 ரூபாய். இதில் 3,500 எப்படியும் கட்ட வேண்டிய வரி. அஜாக்கிரதைக்குக் கொடுத்த விலை 2,586 ரூபாய். நைட்டிக்கு நைட்டி எண்ணி லாபம் பார்க்கிற யூனிட்டுக்கு இது சின்னத் தொகை இல்லை. ஆனாலும் அக்கா பீரோவைத் திறக்கும்போதெல்லாம் நினைத்துப் பயந்த தொகை லட்சக்கணக்கில் இருந்தது.

நெட் பேங்கிங் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். இணையதளத்தில் சலான் எடுத்து, 10,000 ரூபாய் வரை அங்கீகரிக்கப்பட்ட வங்கிக் கவுன்டரிலேயே கட்டலாம். நாங்கள் அப்படித்தான் கட்டினோம். செப்டம்பர் 10 மாலை இரண்டு காலாண்டும் ஏறிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை எண் வந்தது. அதை அச்செடுத்து ஃபைலில் வைத்தோம். கெடு முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது.

விட்டிருந்தால்?

பயமுறுத்த எழுதவில்லை. ஆனால் படி இறங்க இறங்க ஏறுவது கஷ்டம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

15 நாள் தாண்டினால் அதிகாரி தன் கணிப்பில் வரி போட்டு உத்தரவு அனுப்பலாம். வாங்குபவர் கணக்கு, இ-வே பில், பழைய ரிட்டர்ன் என்று அவர் கையில் எது கிடைக்கிறதோ அதிலிருந்து கணக்கிடுவார். நாம் துணிக்குக் கட்டிய 5,500 ரூபாயை அவர் தேடிப்பிடித்துக் கழிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அப்போதும் கதவு மூடிவிடவில்லை. உத்தரவு கிடைத்த 60 நாளுக்குள் சரியான ரிட்டர்னைப் போட்டு வரியைக் கட்டினால் அந்த உத்தரவு நீங்கிவிடும். 2023 அக்டோபருக்கு முன் இந்த அவகாசம் 30 நாளாக இருந்தது. அதையும் விட்டால் இன்னொரு 60 நாள் உண்டு, ஆனால் நாள் கணக்கில் கூடுதல் கட்டணம். அதற்கும் மேல் போனால் அது பாக்கி வரி. வங்கிக் கணக்கிலிருந்தே வசூலிக்கும் அதிகாரம் துறைக்கு இருக்கிறது. யார் கணக்கு? அக்காவின் கணக்கு. நூறு நாள் வேலைப் பணமும் மகளிர் உரிமைத் தொகையும் வருகிற அதே கணக்காக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு பக்கம் பதிவே ரத்தாகும். மாதா மாதம் போடுபவர் தொடர்ந்து 6 மாதம் போடாவிட்டாலும், காலாண்டுக்கு ஒருமுறை போடுபவர் 2 காலாண்டு போடாவிட்டாலும் ரத்து செய்யலாம். அதற்கு வேறு நோட்டீஸ் வரும். மேலே ஆர்.இ.ஜி. 17 என்று இருக்கும். இதற்கு மட்டும் ரிட்டர்ன் போட்டுவிட்டு சும்மா இருக்காமல், 7 வேலை நாளுக்குள் இணையதளத்தில் பதிலும் கொடுக்க வேண்டும். பாக்கி எல்லாவற்றையும் வரி, வட்டி, தாமதக் கட்டணத்தோடு போட்டுவிட்டால் நடவடிக்கையைக் கைவிடுவார்கள். ரத்தாகியே போய்விட்டால், உத்தரவு வந்த 90 நாளுக்குள் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். நம் தையல் யூனிட் இரண்டு காலாண்டு விட்டிருந்தது. அதாவது அந்த விளிம்பில்தான் நின்றது.

நோட்டீசுக்கு முன்பே ஒரு எச்சரிக்கை வந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. ஆகஸ்டில் அடுத்த லோடு அனுப்பப் போனபோது இ-வே பில் எடுக்க முடியவில்லை. 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு போக அந்த பில் வேண்டும். இரண்டு காலாண்டு ரிட்டர்ன் இல்லையென்றால் அது முடக்கப்படும். கம்ப்யூட்டர் கோளாறு என்று நினைத்து மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். பெங்களூர் வியாபாரியும் போன் செய்திருக்கிறார், "உங்க பில் என் கணக்குல வரலை, வரிப் பணத்தை நிறுத்தி வெச்சிருக்கேன்" என்று. நாம் விற்பனை விவரம் ஏற்றவில்லை என்றால் அவர் வரியைக் கழிக்க முடியாது. அவர் கோபம் நியாயம். ரிட்டர்ன் போட்ட பிறகு 9,000 ரூபாயை அனுப்பிவிட்டார். இ-வே பில்லும் திறந்தது. திரும்பி வந்த மூட்டை அந்த வாரமே லாரி ஏறியது.

"பேரு உன்னுது, நீயே பாத்துக்கோ"

இனி நான் பின்னால் பேசுகிறேன் என்று சொன்ன விஷயம்.

அக்கா ஏன் தாளை ஒளித்து வைத்தார் என்று கேட்டேன். வரித் துறைக்குப் பயந்து என்றுதான் நினைத்தேன். இல்லை. நோட்டீஸ் வந்த அன்றே யூனிட்டில் இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறார். "பேரு உன்னுது, நீயே பாத்துக்கோ. எங்களுக்கு என்ன தெரியும்?" என்று பதில் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. ஆர்டர் வந்தபோது பத்துப் பேர் யூனிட், நோட்டீஸ் வந்தபோது ஒருத்தி யூனிட்.

சட்டப்படி பார்த்தால் அவர்கள் சொன்னது பொய்யில்லை. பதிவு எண்ணின் 15 இலக்கத்தில், முதல் இரண்டுக்கு அடுத்து வரும் பத்தும் அக்காவின் பான் எண்தான். வரித் துறைக்கு அக்காவை மட்டும்தான் தெரியும். பத்துப் பேர் தைத்து விற்றதும் அவர் பெயரில்தான் வியாபாரமாகத் தெரியும், வருமான வரிக் கணக்கிலும் அப்படியே. பெயர் கொடுத்தவர் பத்துப் பேரின் பாரத்தையும் தலையில் சுமக்கிறார். இதற்காக அவருக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் கிடையாது.

செப்டம்பர் 11ஆம் தேதி யூனிட்டில் சிறப்புக் கூட்டம் போட்டோம். 2,586 ரூபாய் யார் கொடுப்பது என்பதுதான் பேச்சு. சும்மா நடக்கவில்லை, நன்றாகவே சண்டை வந்தது. "கணக்குப் பாக்கிறது அவங்க பொறுப்பு" என்று ஒருவர். "கணக்காளருக்குக் காசு குடுக்க வேண்டாம்னு சொன்னது யாரு? நீதானே?" என்று இன்னொருவர். வயதில் மூத்த ஒரு அம்மா அதுவரை பேசாமல் காஜா எடுத்துக்கொண்டிருந்தவர், ஊசியை வைத்துவிட்டு, "லாபத்துல பங்கு வாங்கினப்ப பேரு யாருதுன்னு யாராவது கேட்டீங்களாடி?" என்றார். அதற்குப் பதில் இல்லை.

தொகையை யூனிட் பணத்திலிருந்து எடுப்பது என்று முடிவாகி, தீர்மான நோட்டில் எழுதிப் பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கூடவே, பதிவு அக்கா பெயரில் இருந்தாலும் தொழில் பத்துப் பேருடையது, இது தொடர்பான வரி, கட்டணம், செலவு எல்லாம் யூனிட்டின் பொறுப்பு என்று இன்னொரு தீர்மானம். வரித் துறை முன்னால் இந்தத் தீர்மானம் செல்லாது, அங்கே அக்காதான் பொறுப்பு. ஆனால் நமக்குள் செல்லும். ஒருவர் பெயரில் பதிவு வைத்து நடத்தும் எல்லா யூனிட்டும் இதை இந்த மாதமே எழுதுங்கள். முடிந்தால் குழுவின் பெயரிலேயே பான் எடுத்து, பதிவையும் அதற்கு மாற்றுவது இன்னும் நல்லது. இந்த யூனிட்டும் அதற்கு விண்ணப்பம் தயாரித்துக்கொண்டிருக்கிறது.

தொழிலை நிறுத்திவிட்டவர்களுக்கு

இதைத் தனியாக எழுதக் காரணம், இப்படி இரண்டு குழுக்கள் இருப்பதாகக் கூட்டத்துக்குப் பிறகு தெரியவந்தது. மெஷினை விற்றாயிற்று, கடையைக் காலி செய்தாயிற்று, பதிவு எண் மட்டும் அப்படியே இருக்கிறது. நாம் மூடியது வரித் துறைக்குத் தெரியாது. ஒவ்வொரு காலாண்டும் பாக்கி ஏறிக்கொண்டே இருக்கும்.

பதிவை ரத்து செய்யும்படி நாமே இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதுவரையிலான ரிட்டர்ன்களைப் போட்டு முடிக்க வேண்டும். ரத்து உத்தரவு வந்த பிறகும் வேலை முடியவில்லை. மூன்று மாதத்துக்குள் கடைசி ரிட்டர்ன் ஒன்று உண்டு, ஜி.எஸ்.டி.ஆர் 10. மீதி இருக்கும் துணி, சரக்கு எவ்வளவு என்று அதில் காட்ட வேண்டும். ரத்து ஆகிவிட்டதே என்று இதை விட்டுவிட்டு, மறுபடி நோட்டீஸ் வாங்குகிறவர்கள் உண்டு. இதற்குத் தாமதக் கட்டணம் நாளுக்கு 200 ரூபாய், 10,000 வரை போகும். காம்போசிஷனில் இருந்தவர்களுக்கு இந்தக் கடைசி ரிட்டர்ன் கிடையாது.

ரொம்பப் பழைய பாக்கி வைத்திருப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள். கடைசித் தேதியிலிருந்து மூன்று வருடம் தாண்டிய ரிட்டர்னை இணையதளம் இப்போது ஏற்றுக்கொள்வதில்லை. 2025லிருந்து இது நடைமுறைக்கு வந்துவிட்டது. அப்புறம் பணம் கையில் இருந்தாலும் போட முடியாது.

விற்பனை இல்லாத காலாண்டுக்கு டவுனுக்குப் போகக்கூடத் தேவையில்லை. பழைய பாக்கி எதுவும் இல்லையென்றால், பதிவு செய்த மொபைலிலிருந்து 14409 என்ற எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பியே நில் ரிட்டர்ன் போடலாம். ஆங்கில எழுத்தில் நில், இடைவெளி, 3பி, இடைவெளி, உங்கள் 15 இலக்க எண், இடைவெளி, காலாண்டின் கடைசி மாதமும் வருடமும் ஆறு இலக்கமாக. திரும்பி ஆறு இலக்க எண் ஒன்று வரும், அதைச் சொல்கிற முறையில் திருப்பி அனுப்பினால் முடிந்தது. 3பிக்கு முன் ஜி.எஸ்.டி.ஆர் 1க்கும் இதே மாதிரி அனுப்ப வேண்டும், அதில் 3பி இருக்கும் இடத்தில் ஆர்1 என்று போட வேண்டும். அக்கா போனில் இதை ஒரு தாளில் எழுதி கவருக்குள் செருகிக் கொடுத்திருக்கிறேன். யூனிட் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரில் ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி நான்கு மாதத்துக்கும் 13, 22 தேதிகளைச் சிவப்பு நூலால் தைத்து வைத்திருக்கிறார்கள். பேனா இல்லையாம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தாள் பீரோவிலோ அரிசி டப்பாவுக்கு அடியிலோ இருந்தால் அடுத்த மாதக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். தேதியைப் பார்த்து, 15 நாள் அதற்குள் முடிந்துவிடும் என்றால் கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊக்குநரிடம் அன்றே சொல்லுங்கள். வரும்போது பில் புத்தகம், துணியோ சாமானோ வாங்கிய பில்கள், பதிவு எடுத்தபோது கொடுத்த மொபைல் போன் மூன்றும் கையில் இருக்கட்டும்.